ஐந்தில் நாலு பேர் போய்விட்ட கவுண்டி

நோயாளி வந்து உட்கார்ந்ததும், இருமல், சளி, இளைப்பு எல்லாம் விசாரிப்பதற்கு முன்பு நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை அங்குல நிலக்கரியில வேலை பார்த்தீங்க?" 60 என்று பதில் வந்தால் ஆள் குனிந்து நடந்து வேலை செய்தவர். 32 என்றால் காலமெல்லாம் தவழ்ந்தவர். 32 அங்குலம் என்பது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த உயரத்துக்குள் இயந்திரம் ஓட்ட வேண்டும், மேல்பாறை விழாமல் இருக்க போல்ட் அடிக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவையும் அங்கேயே திறக்க வேண்டும். 'லோ கோல்' என்பார்கள். வாயால் சொல்லாவிட்டாலும் முழங்காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். முதுகிலும் முன்கையிலும் நீலத் தழும்புகள் இருக்கும். காயத்துக்குள் கரித்தூள் போய் உட்கார்ந்து, மேலே தோல் மூடிக்கொண்டவை. எத்தனை தேய்த்தாலும் போகாது.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இப்போது அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் நுரையீரல் மருத்துவர். ஜே-1 விசாவில் வந்து இங்கே மேற்படிப்பு முடிக்கும் டாக்டர்கள் இரண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்க்கச் சம்மதித்தால் அந்த விதியிலிருந்து விலக்கு. அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் ராவ், ரெட்டி, குமார் என்று இத்தனை பெயர்ப்பலகைகள் தொங்குவதன் ரகசியம் இதுதான். நானும் அந்தக் கணக்கில் வந்தவள். மூன்று வருஷம் முடிந்து வெகுகாலம் ஆகிறது.

க்ளினிக் இருப்பது பக்கத்துக் கவுண்டியில். நோயாளிகளில் பெரும்பாலோர் மெக்டவல் கவுண்டிக்காரர்கள். பெயரைக் கேட்டதும் நம் ஊரில் சிலருக்கு விஸ்கி ஞாபகம் வரும். இது ஜேம்ஸ் மெக்டவல் என்ற வர்ஜீனிய ஆளுநரின் பெயர். 1858இல் உருவான கவுண்டி, அப்போது மேற்கு வர்ஜீனியா என்று தனி மாநிலமே கிடையாது. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. தனக்கென்று நீதிமன்றம், ஷெரிஃப், பள்ளி வாரியம் எல்லாம் உண்டு. பரப்பு 1,380 சதுர கிலோமீட்டர் அளவு இருக்கும். சமதரை மட்டும் தேடினாலும் கிடைக்காது. மலை, மலைக்கு நடுவே ஓடை, ஓடையை ஒட்டி ஒரு ரோடு, ஒரு ரயில் பாதை, மிச்சம் இருக்கிற இடத்தில் வரிசையாக வீடுகள். இப்படிப்பட்ட ஒவ்வொரு சந்துப் பள்ளத்தாக்கையும் 'ஹாலர்' என்கிறார்கள்.

ஊருக்கு வரும்போது இந்த இடத்தின் கஷ்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "அவ்வளவு கஷ்டம்னா வேற ஊருக்குப் போய்ப் பொழைக்க வேண்டியதுதானே?" அமெரிக்கர்களும் இதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் ஏளனமாக. போய்த்தான் இருக்கிறார்கள். 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெக்டவலில் 98,887 பேர். 2020இல் 19,111 பேர். ஐந்தில் நாலு பங்கு இல்லை. ஒஹாயோவின் தொழிற்சாலைகளுக்கும் டெட்ராய்ட்டின் கார் கம்பெனிகளுக்கும், பிறகு வட கரோலினாவுக்கும் போனார்கள். மிஞ்சிய ஒருவரைப் பிடித்து நிறுத்தி 'நீ ஏன் போகவில்லை' என்று கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால் வாங்க ஆள் வேண்டும். படுத்த படுக்கையாக அப்பா இருப்பார். பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

இந்த எண்களைத் தொடக்கத்திலிருந்து அடுக்கினால் விஷயம் விளங்கும். 1880இல் 3,074 பேர். காடு, வேட்டை, கொஞ்சம் மக்காச்சோளம். மலைக்கு அடியில் போகஹாண்டஸ் என்ற நிலக்கரிப் படிவம் கிடந்தது. புகை குறைவு, சாம்பல் குறைவு, உருக்கு உலைக்கு வேண்டிய கோக் தயாரிக்க அதைவிட நல்ல கரி உலகத்தில் அபூர்வம். 1888இல் எல்க்ஹார்ன் சுரங்கப்பாதையைக் குடைந்து நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் உள்ளே வந்தது. 1900இல் 18,747 பேர். 1920இல் 68,571. அலபாமாவிலிருந்தும் கரோலினாக்களிலிருந்தும் கறுப்பின மக்கள் வந்தார்கள். இத்தாலியர், ஹங்கேரியர், போலந்துக்காரர் கப்பலிறங்கி நேரே இங்கே வந்தார்கள். சுரங்கக் கம்பெனியே வீடு கட்டியது, கடை வைத்தது, கடையில் செல்லுபடியாகும் காசையும் தானே அடித்துக் கூலியாகக் கொடுத்தது.

தென்மாநிலங்களில் கறுப்பர் ஓட்டுப் போடவே முடியாதிருந்த காலத்தில் இங்கே ஓட்டு இருந்தது. கீஸ்டோன் ஊரைச் சேர்ந்த மின்னி பக்கிங்காம் ஹார்ப்பர் 1928இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் கறுப்பினப் பெண் அவர். முதல் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்களுக்கு நாட்டிலேயே முதலில் நினைவுக் கட்டடம் எழுந்ததும் அதே வருஷம், அடுத்த ஊரான கிம்பலில். பெரிய தூண்களோடு இன்னும் நிற்கிறது.

இதைச் சொல்லிவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று விட்டுவிட முடியாது. 1940 ஜனவரியில் பார்ட்லி சுரங்க வெடிப்பில் ஒரே நாளில் 91 பேர் செத்தார்கள். அதற்கு முன்பு 1921 ஆகஸ்ட் 1 அன்று, தொழிலாளர் பக்கம் நின்ற மேட்வன் ஊர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டை, கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில் கோர்ட்டுப் படியேறும்போது கம்பெனிகளின் கூலித் துப்பறிவாளர்கள் சுட்டுக் கொன்றார்கள். கையில் ஆயுதம் இல்லை, பக்கத்தில் மனைவி. அந்தக் கோபத்தில்தான் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் கம்பெனிகளை எதிர்த்துத் துப்பாக்கியோடு ப்ளேர் மலைக்குக் கிளம்பிப் போனார்கள். அந்தக் கோர்ட்டுக் கட்டடம் மலைச்சரிவில் இன்றும் இருக்கிறது.

வெல்ச்சுக்கு இன்னொரு பெருமை உண்டு. நகராட்சியே கட்டி நடத்திய அடுக்குக் கார் நிறுத்தம் அமெரிக்காவில் முதலில் வந்தது இங்கேதான், 1941இல். சனிக்கிழமை சாயங்காலம் நடைபாதை கொள்ளாமல் ஜனங்கள் தெருவில் இறங்கி நடந்ததை வயதானவர்கள் இன்னமும் சொல்வார்கள். இப்போது அதே தெருவில் மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

கரி தீர்ந்துபோய்விட்டதால் ஜனங்கள் போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம். தீரவில்லை. 1950இல் தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். டன்னுக்கு இவ்வளவு என்று தொழிலாளர் நல நிதிக்குப் பணம் வரும், ஓய்வூதியமும் மருத்துவமும் கிடைக்கும். பதிலுக்கு, இயந்திரங்களைச் சங்கம் தடுக்காது. கரியைத் தானே பெயர்த்துத் தானே அள்ளிப் போடும் இயந்திரம் உள்ளே போனது, ஆட்கள் வெளியே வந்தார்கள். 1960இல் 71,359 பேர், 1970இல் 50,666 பேர். எண்ணெய் விலை ஏறிய எழுபதுகளில் கரிக்கு மவுசு வந்து ஓட்டம் கொஞ்சம் நின்றது, 1980இல் 49,899 பேர். பிறகு உருக்குத் தொழில் சரிந்தது. கேரி என்ற ஊரையே கட்டி எழுப்பிய யூ.எஸ். ஸ்டீல் எண்பதுகளில் அங்கிருந்த சுரங்கங்களை மூடிவிட்டுப் போனது. 1990இல் 35,233 பேர். நான் 52ஆம் எண் சாலையில் போகும்போது கரி ரயில் இன்றைக்கும் எதிரே வருகிறது. நார்ஃபோக் துறைமுகத்தில் கப்பலேறி வெளிநாட்டு உருக்காலைகளுக்குப் போகும் கரி அது.

அந்தச் சாலையில் போனால் முதலில் பக்கத்துக் கவுண்டியின் பிராம்வெல் வரும். சுரங்க முதலாளிகள் குடியிருந்த மாளிகைகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அதைத் தாண்டி எல்க்ஹார்ன் ஓடையோடு இறங்கினால் நார்த்ஃபோர்க், கீஸ்டோன், கிம்பல், வெல்ச். கூரை இறங்கிய கடைகள், ஜன்னலில் மரம் முளைத்த பள்ளிக்கூடம். அடுத்த வீடு பளிச்சென்று வெள்ளையடித்து, தொட்டியில் ஜெரேனியம் வைத்து இருக்கும். வெளியூர்ப் புகைப்படக்காரர்கள் முதல் வீட்டை மட்டும் படமெடுத்துக்கொண்டு போவார்கள். என் நோயாளிகளுக்கு அவர்கள்மேல் இருக்கிற கடுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

மெக்டவலின் வறுமை அமெரிக்கச் சட்டத்தையே மாற்றியிருக்கிறது. 1960இல் வேட்பாளராக ஓட்டுக் கேட்டு இந்தப் பக்கம் வந்த ஜான் கென்னடி, பார்த்ததை மறக்கவில்லை. குடியரசுத் தலைவரானதும் போட்ட முதல் உத்தரவு ஏழைகளுக்கான உணவு வழங்கலைப் பற்றியது. 1961 மே 29 அன்று, பேன்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ஆல்டர்சன் மன்சியும் அவர் மனைவியும் நாட்டிலேயே முதலாவதாகப் புதுத்திட்ட உணவு முத்திரைகளை வாங்கினார்கள். 15 பேர் கொண்ட குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்பு. வெல்ச்சின் கடையில் அதைக் கொடுத்து வாங்கிய முதல் பொருள் பன்றிக்கறி போட்ட பீன்ஸ் டப்பா ஒன்று. இன்று நாடு முழுக்கக் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போடும் திட்டம் அந்த டப்பாவிலிருந்து தொடங்கியது. மெக்டவலில் இன்றைக்கும் மூன்றில் ஒரு வீட்டுக்குக் குறையாமல் அந்த உதவி வருகிறது. கவுண்டிக்குள் வரும் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி இப்படி அரசுப் பணம்: முதியோர் ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவி, மருத்துவக் காப்பீடு. வீட்டு வருமானம் தேசிய அளவில் பாதிகூட இல்லை. மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே.

இங்கே வேலை என்றால் என்ன என்பதற்கு வால்மார்ட் கதையே போதும். 2005இல் கிம்பலில் கடை திறந்தது, சிறு கடைகள் பல மூடின. 2016 ஜனவரியில் உலகெங்கும் 269 கடைகளை மூடியபோது இதையும் மூடிவிட்டார்கள். வேலை மட்டும் போகவில்லை. ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் இடமும் அதுதான், வெயில் காலத்தில் ஏ.சி.யில் ஒரு நடை நடக்கும் இடமும் அதுதான். நான் 'தினமும் நடங்க' என்று எழுதிக் கொடுத்த சீட்டுகள் பல அந்தக் கடையின் சந்துகளில்தான் நிறைவேறின. இப்போது பெரிய கடைக்குப் போக மலைச்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை கவுண்டிக்குள் எங்கும் கிடையாது.

சரி, யார்தான் வேலை கொடுக்கிறார்கள்? பள்ளி வாரியம், ஆஸ்பத்திரி, மிச்சமிருக்கும் சுரங்கங்கள், பிறகு சிறைகள். 2010இல் வெல்ச் அருகே மலையுச்சியில் மத்திய அரசின் சிறை ஒன்று திறந்தது. நகருக்குள் மாநிலச் சிறை ஒன்று ஏற்கெனவே உண்டு. அது ஒரு காலத்தில் ஸ்டீவன்ஸ் க்ளினிக் ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம். என் நோயாளிகளில் சிலர் பிறந்ததே அங்கேதான். ஆஸ்பத்திரி மூடி சிறையாவது எந்த ஊருக்கும் நல்ல சகுனமில்லை என்பது என் கருத்து, ஆனால் அங்கே வேலை கிடைத்த காவலர் குடும்பங்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். இன்னொன்று: அமெரிக்கக் கணக்கெடுப்பு கைதிகளை அவர்கள் அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணுகிறது. அந்த 19,111 பேரில் கணிசமானவர்கள் ஊர்க்காரர்களே அல்ல.

உடம்பைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். 2010 நிலவரப்படி மெக்டவலில் ஆண்களின் சராசரி ஆயுள் 63.9 வயது, நாட்டிலேயே கடைசி. அதே சமயம் வாஷிங்டனை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் 81.7. காரில் ஒரு பகல் தூரம், ஆயுளில் 18 வருஷ வித்தியாசம். சிகரெட், சர்க்கரை, இதயம், இவை எல்லாம் காரணம். வலி மாத்திரையும் காரணம். சுரங்கக் கூரை விழுந்து முதுகொடிந்தவனுக்கு வலி நிஜம். அதற்கு அபின் வகை மாத்திரைகளை அளவில்லாமல் எழுதிக் கொடுத்தது என் தொழில்தான், அதைக் கம்பெனிகளின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாங்கள் தப்பிக்க முடியாது. ஒரு தலைமுறையே அதில் அழிந்தது. என் காத்திருப்பு அறையில் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வரும் தாத்தாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பேத்தி வருகிறாள் என்றால், அநேகமாக அவளை வளர்ப்பவரே அவர்தான்.

சுரங்கத் தூசியால் வரும் கருநுரையீரல் நோய் 1969 சட்டத்துக்குப் பிறகு குறைந்துகொண்டே வந்து, தொண்ணூறுகளில் ஒழிந்துவிடும் போலிருந்தது. நான் வந்தபோது திரும்பியிருந்தது. 2018இல் வெளியான அரசு ஆய்வு ஒன்று, மத்திய அப்பலாச்சியாவில் 25 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. காரணம் அந்த அங்குலக் கணக்கு. கனமான படிவங்களை முன்னோர் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மெல்லிய படிவத்தை எடுக்க மேலேயும் கீழேயும் பாறையைச் சேர்த்து அரைக்க வேண்டியிருக்கிறது. பாறையில் இருக்கும் சிலிக்கா கரியைவிடப் பல மடங்கு கொடியது. முன்பு தாத்தாக்களின் எக்ஸ்ரேயில் பார்த்ததை இப்போது 45 வயதுக்காரர்களிடம் பார்க்கிறேன்: இரண்டு பக்கமும் மேல்பகுதியில் வெள்ளையாகக் கட்டிகட்டியாக. ஆறு நொடி மூச்சை ஊதச் சொல்லும் பரிசோதனையில், "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று டெக்னீஷியன் கத்திக்கொண்டிருப்பாள், இரண்டாம் நொடியிலேயே ஊதுபவருக்கு எதுவும் மிச்சமிருக்காது. நஷ்ட ஈடு கேட்டால் கம்பெனியின் டாக்டர் அதே எக்ஸ்ரேயைப் பார்த்து 'காசநோய்த் தழும்பாக இருக்கலாம்' என்பார். கம்பெனி திவாலாகியிருந்தால், நிலத்தடிக் கரியில் டன்னுக்கு 1.10 டாலர் என்று வசூலிக்கும் வரியிலிருந்து அரசு நிதி கொடுக்கும். வழக்கு முடிவதற்குள் ஆள் முடிந்துவிடுவதும் உண்டு.

ஒருவரிடம் கேட்டேன், "மகன் என்ன செய்றான்?" சுரங்கத்தில்தான், என்றார். "நீங்க விட்டீங்களா?" அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "டாக், டாலர் ஜெனரல் கடையில நின்னா கிடைக்கிறதைப் போல மூணு மடங்கு. நான் எதைச் சொல்லித் தடுக்க?" எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீர் விவகாரம் தனி. கம்பெனிகள் தங்கள் முகாம்களுக்கு நூறு வருஷம் முன்பு போட்ட குழாய்களே பல ஹாலர்களில் இன்னும் ஓடுகின்றன. கம்பெனி போனபோது வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றது, தண்ணீர்த் தொட்டிக்கு யாரும் பொறுப்பில்லாமல் போனது. கீஸ்டோனில் 'கொதிக்க வைத்துக் குடிக்கவும்' என்ற அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. சாலையோரம் மலையிலிருந்து நீட்டியிருக்கும் குழாயில் ஜனங்கள் கேன் கேனாகப் பிடித்துப் போவதைப் பார்க்கலாம். தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க நான் எழுதிக் கொடுக்கும் இயந்திரத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். "குடிக்கிறதுக்கே காசு கொடுத்து வாங்குறேன் ஹனி, மெஷினுக்கும் வாங்கணுமா?" என்றார் ஒரு பாட்டி. கழிவுநீர் நேராக ஓடைக்குள் விழும் வீடுகள் இன்னும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பழைய சுரங்கங்களிலிருந்து வரும் குளிர்ந்த நீரால் எல்க்ஹார்ன் ஓடையில் ட்ரவுட் மீன் செழித்து, தூண்டில்காரர்கள் தேடி வருகிறார்கள்.

ஓடையோரத்தைத் தவிர வீடு கட்ட இடமில்லாததால் வெள்ளம் வந்தால் ஊரே மாட்டிக்கொள்ளும். 2001, 2002 என்று அடுத்தடுத்து வந்தது. 2025 பிப்ரவரியில் மறுபடி. கரண்ட் போனால் ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிடும், சிலிண்டர் கொண்டுபோக ரோடு இருக்காது. அந்த வாரம் எங்கள் நர்ஸ்கள் போனும் கையுமாக உட்கார்ந்து, யார் வீட்டில் எத்தனை மணி நேரத்துக்குச் சிலிண்டர் இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். தன்னார்வத் தீயணைப்புப் படையினர் நாலு சக்கர மலை வண்டிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மேட்டில் புது வீடு கட்டலாமே என்றால், மேடு பெரும்பாலும் நிலக்கரி நிறுவனங்களுக்கும் வெளியூர் நில நிறுவனங்களுக்கும் சொந்தம். இத்தனை காலி வீடுகள் உள்ள கவுண்டியில், வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் ஆசிரியர் தங்க ஒழுங்கான வாடகை வீடு கிடைக்காது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

புதிதாக வந்திருக்கும் பிழைப்பு, நான் சொன்ன அந்த மலை வண்டிகள்தான். ஹாட்ஃபீல்ட்–மெக்காய் தடங்கள் என்று மாநில அமைப்பு ஒன்று பழைய சுரங்கப் பாதைகளை வண்டியோட்டும் தடங்களாக்கியிருக்கிறது. நில நிறுவனங்களோடு ஒப்பந்தம், நுழைவுச் சீட்டுக்குக் கட்டணம். வார இறுதியில் கேரியிலும் வார் என்ற ஊரிலும் சேறு அப்பிய வண்டிகள் தெருவிலேயே ஓடுகின்றன. ஒஹாயோ, வட கரோலினா நம்பர் பிளேட்டுகள் நிறையத் தெரியும். வருகிறவர்களில் சிலருக்கு இங்கே ஒரு கல்லறையோ பாட்டியின் வீட்டு அஸ்திவாரமோ இருக்கிறது. இதனால் வரும் வேலைகள் சம்பளம் குறைந்தவை, மழைக்காலத்தில் படுத்துவிடுபவை. சுரங்கத்துக்கு ஈடாகாது. ஆனால் முதலாளி வேறு ஊர்க்காரன் அல்ல என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி உண்டு.

என் நோயாளி ஒருவர், சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அண்ணன் டெட்ராய்ட்டுக்குப் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த கம்பெனி வீட்டைச் சரிசெய்து வண்டியோட்ட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கூரை மாற்றினார், நாலு கட்டில் போட்டார், வண்டி கழுவ வெளியே ஹோஸ் வைத்தார். இலையுதிர்காலம் முழுக்க முன்பதிவாகிவிட்டது என்று போன மாதம் வந்தபோது சொன்னார், நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. விருந்தாளிகள் என்ன குறை சொல்கிறார்கள் என்று கேட்டேன். குறையெல்லாம் இல்லையாம். வந்து இறங்கியதும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்களாம், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று. "ஃப்ரிட்ஜில பாட்டில் இருக்கு, அதை எடுத்துக்குங்கன்னு சொல்லிடுவேன். அந்தச் செலவையும் வாடகையில சேர்த்தாச்சு."